இதய, இரத்தக்குழாய் நோய்களின் ஆபத்துக் காரணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியதும், எந்த எண்ணுக்கு அருகில் தடித்த எழுத்து இருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் பார்க்கிறோம். அந்த எண் ஏன் ஆபத்தானது, அதை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பரிசோதனைக் கூடமும் சொல்வதில்லை. மருத்துவருக்கும் விளக்க நேரம் இருப்பதில்லை. இரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை எடுப்பவர்களும் அவர்களது குடும்பத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

ஆபத்துக் காரணி என்று எதைச் சொல்கிறார்கள்? நோய்க்கான காரணமும் அதுவும் ஒன்றுதானா?

ஒரு பழக்கமோ உடல்நிலையோ உள்ளவர்களுக்கு, அது இல்லாதவர்களைக் காட்டிலும் ஒரு நோய் அதிகமாக வருகிறது என்றால், அதை அந்த நோயின் ஆபத்துக் காரணி என்கிறோம். காலராவுக்கு ஒரு கிருமி உண்டு; அந்தக் கிருமி இல்லாமல் காலரா இல்லை. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அப்படி ஒற்றைக் கிருமி கிடையாது. பல காரணிகள் பல ஆண்டுகள் சேர்ந்து இரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கின்றன.

இரண்டும் ஒன்றல்ல என்பதைக் காபியை வைத்தே விளக்கலாம். காபி அதிகம் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று தொடக்ககால ஆய்வுகள் சில கூறின. ஆனால் அதிகம் காபி குடித்தவர்களில் பலர் சிகரெட்டும் பிடித்தவர்கள். புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகு, காபியின் மீதிருந்த பழி பெரும்பாலும் நீங்கிவிட்டது. நோயுடன் சேர்ந்து காணப்படுவது வேறு, நோயை உண்டாக்குவது வேறு. இந்தத் துறையின் எழுபது ஆண்டு உழைப்பில் பெரும்பங்கு இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கே செலவாகியிருக்கிறது.

இந்த ஆராய்ச்சி எப்படித் தொடங்கியது?

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1945 ஏப்ரல் 12 அன்று மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அன்று அவருக்குப் பதிவான இரத்த அழுத்தம் 300/190. முந்தைய ஆண்டு மார்ச் மாதத்திலேயே இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் அவரைப் பரிசோதித்து, 186/108 என்று குறித்திருந்தார். ஆனாலும் செய்வதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. வயதாக ஆக இரத்தக்குழாய்கள் இறுகுவதால், உறுப்புகளுக்கு இரத்தம் சென்று சேர அழுத்தம் கூடித்தான் ஆகவேண்டும், அதைக் குறைப்பதே ஆபத்து என்று தேர்ந்த மருத்துவர்களே நம்பிய காலம் அது. ஒரு நாட்டின் தலைவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த மருத்துவமே அவ்வளவுதான் என்றால், சாதாரண மனிதர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ரூஸ்வெல்டுக்குப் பின் வந்த ட்ரூமன், 1948 ஜூன் மாதத்தில், இதய நோய் ஆராய்ச்சிக்கு அரசு நிதி தர வழிசெய்த தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு, பாஸ்டனுக்கு மேற்கே உள்ள ஃபிராமிங்ஹாம் என்ற சிறு நகரத்தில் ஆய்வு தொடங்கியது. 1917 முதல் சில ஆண்டுகள் காசநோய் ஒழிப்புக்கான முன்மாதிரித் திட்டம் ஒன்று அங்கே நடந்திருந்ததால், ஊராருக்கு இத்தகைய முயற்சி புதிதல்ல. 2,336 ஆண்களும் 2,873 பெண்களுமாக 5,209 பேர் சேர்ந்தார்கள். இதய நோய் ஆண்களின் நோய் என்று எண்ணப்பட்ட அந்நாளில், பாதிக்கும் மேல் பெண்களைச் சேர்த்தது எவ்வளவு தொலைநோக்கான முடிவு என்பது பின்னாளில்தான் விளங்கியது.

அங்கே உண்மையில் என்ன செய்தார்கள்?

சிகிச்சை எதுவும் தரவில்லை, காத்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரவழைத்து, இரத்த அழுத்தம் பார்த்து, இரத்தமும் சிறுநீரும் எடுத்து, ஈ.சி.ஜி. பதிவு செய்து, பழக்கவழக்கங்களைக் கேட்டு எழுதிவைத்தார்கள். பிறகு யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்குப் பக்கவாதம் வந்தது, யார் இறந்தார் என்று பார்த்து, நோய் வருவதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளுக்குத் திரும்பிச் சென்றார்கள். இந்த முறையின் வலிமை முழுவதும் அந்த "முன்" என்ற சொல்லில் இருக்கிறது. மாரடைப்பு வந்து படுத்திருப்பவரிடம் போய் அவரது பழைய பழக்கங்களைக் கேட்டால், நினைவு பிசகும். நோயே சில அளவுகளை மாற்றியும் இருக்கும். நோய் வருமுன் எழுதிய குறிப்புக்கு அந்தக் குறை இல்லை.

முதல் முக்கிய முடிவுகள் 1957இல் வந்தன. 1961இல் வில்லியம் கேனலும் அவருடைய குழுவினரும் ஆறு ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகளை வெளியிட்டபோது, உயர் இரத்த அழுத்தம், கூடுதல் கொலஸ்ட்ரால், இடது இதய அறைத் தசையின் தடிப்பைக் காட்டும் ஈ.சி.ஜி. மாற்றம் ஆகியவை நோய்க்கு முன்னோடிகள் என்பது தெளிவானது. ஆபத்துக் காரணி என்ற சொல் மருத்துவ வழக்கில் ஊன்றியதும் அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கானோரின் தரவில் ஏழெட்டுக் காரணிகளை ஒருசேர எடைபோடுவதற்கு, ஜெரோம் கார்ன்ஃபீல்ட் என்ற புள்ளியியலாளர் ஒரு கணித வழியை வகுத்துக் கொடுத்தார். இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆபத்து மதிப்பெண் கருவிகளுக்கு வேர் அதுதான்.

இருபது ஆண்டில் முடிப்பதாகத் திட்டமிட்டிருந்த ஆய்வை 1960களின் இறுதியில் அரசு நிறுத்தப் பார்த்தது. அதை நடத்திவந்த தாமஸ் டாபர் தனியார் நன்கொடை திரட்டி அதைக் காப்பாற்றினார். 1971இல் முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும், 2002இல் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். எந்த நன்மையும் உடனே கிடைக்காது என்று தெரிந்தும், மூன்று தலைமுறையாகக் கையை நீட்டி இரத்தம் கொடுத்த அந்த ஊர் மக்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உட்கார்ந்தே வேலை செய்வது இதயத்துக்குக் கெடுதல் என்பது எப்படித் தெரியவந்தது?

லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில். ஒரே பேருந்து, ஒரே வேலைநேரம், ஏறத்தாழ ஒரே வகையான குடும்பப் பின்னணி. ஆனால் ஓட்டுநர் நாள் முழுவதும் இருக்கையை விட்டு எழுவதில்லை. நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக ஒரு நாளில் ஏறத்தாழ 600 படிகள் ஏறி இறங்குகிறார். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இவ்விரு தரப்பையும் ஒப்பிட்டு 1953இல் வெளியிட்ட முடிவின்படி, நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் ஓட்டுநர்களுக்கு வருவதைவிடத் தாமதமாகவும் கடுமை குறைந்தும் வந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்த அஞ்சல்துறை எழுத்தர்களுக்கும், நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்ற அஞ்சல்காரர்களுக்கும் இடையிலும் இதே வேறுபாடு தெரிந்தது.

உடனே ஒரு நியாயமான ஐயம் எழுந்தது. பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்களோ? அதைச் சோதிக்க மாரிஸ் பயன்படுத்திய தரவு எனக்கு மிகவும் பிடித்தமானது. நிறுவனம் தன் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துவந்ததால், ஒவ்வொருவரின் கால்சட்டை இடுப்பளவும் பதிவேட்டில் இருந்தது. அதைப் பார்த்தபோது ஓட்டுநர்களின் இடுப்பு இளவயதிலிருந்தே பெரிதாகத்தான் இருந்தது. ஐயத்தில் உண்மை இருந்தது. ஆனால் ஒல்லியானவர், நடுத்தர உடல்வாகினர், பருமனானவர் என்று பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பிரிவிலும் ஓட்டுநர்களின் திடீர் மரணம் கூடுதலாகவே இருந்தது. தையல்காரரின் அளவுக்குறிப்பு ஒன்று மருத்துவக் கேள்விக்கு விடை தந்தது.

புகைபிடித்தலால் இதயத்துக்கு வரும் கேடு எவ்வளவு?

பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவரும் 1951இல் மருத்துவர்களிடமே அவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதித் தொடங்கிய ஆய்வு, அவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வாழ்நாள் முழுவதும் புகைபிடித்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டும், 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டும், 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டும் மீண்டும் கிடைத்தன. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி நடந்த ஆய்வு 2003இல் வெளியானது. காசநோய் மரணமே அதில் பெரிதாகத் தெரிந்தாலும், இதய, இரத்தக்குழாய் நோய் மரணமும் புகைபிடித்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. பீடி சிகரெட்டை விடச் சாது என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

சேர்ந்து காணப்படுவதை உண்மையான காரணம் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

அந்தக் காரணியை மட்டும் மாற்றிப் பார்த்தால் நோய் குறைகிறதா என்று சோதிக்க வேண்டும். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுப்பது அதற்கான நேர்வழி. எட்வர்ட் ஃப்ரைஸ் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதைச் செய்தார். கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில், மருந்தில்லா மாத்திரை எடுத்த 70 பேரில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது. மருந்து எடுத்த 73 பேரில் 2 பேருக்கு மட்டுமே. 1967இல் இது வெளியான பிறகு, உயர்ந்த அழுத்தம் உடலுக்குத் தேவையானது என்ற பழைய கருத்து நிற்க இடமில்லாமல் போனது. ரூஸ்வெல்ட் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொலஸ்ட்ராலுக்கு இத்தகைய உறுதி வர இன்னும் காலம் பிடித்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தின் ஆய்வு 1994இல் முடிந்தபோது, மருந்து எடுத்தவர்களிடம் மொத்த இறப்பே 30 சதவீதம் குறைந்திருந்தது.

மற்றொரு வழி மரபணு. பிறக்கும்போதே எந்த மரபணு யாருக்கு வாய்க்கிறது என்பதும் ஒரு குலுக்கல்தான். எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து அகற்றும் ஏற்பிகள் பழுதாய்ப் பிறந்தவர்களுக்கு இளவயதிலேயே மாரடைப்பு வருவதை மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் விளக்கி, 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு வேலை செய்யாமல் பிறந்த கறுப்பின அமெரிக்கர்களின் எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாகவும், இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாகவும் இருந்ததாக 2006இல் தெரியவந்தது. கொலஸ்ட்ரால் மாத்திரை என்பதே வணிகச் சதி என்று சொல்லிப் பரப்பப்படும் குறுஞ்செய்திகளை நம்பி ஸ்டாட்டினைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. மருந்தே எடுக்காத மனிதர்களின் உடலும் அதே உண்மையைத்தான் சொல்கிறது.

ஆராய்ச்சி முடிவுகள் பொய்த்துப்போனதும் உண்டல்லவா?

உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியதால், பல ஆண்டுகள் அதை மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது இதய பாதிப்பு குறையவில்லை, சற்றுக் கூடியது. 2002இல் அந்தச் சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள். தாமாக விரும்பி அந்த மாத்திரையை எடுத்தவர்கள், வசதியும் கல்வியும் உடல்நலத்தில் அக்கறையும் உள்ளவர்களாக இருந்ததே முந்தைய ஆய்வுகள் வழிதவறியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். கதையும் இத்தகையதே. அது குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை 72 சதவீதம் உயர்த்தியும், அதை எடுத்தவர்களே அதிகம் இறந்ததால் 2006 டிசம்பரில் சோதனை நின்றது. குறைந்த எச்.டி.எல். ஆபத்தின் அடையாளம், மருந்தால் அதை உயர்த்துவது பாதுகாப்பாகிவிடாது. இரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவை வைட்டமின் மாத்திரையால் குறைத்தும் மாரடைப்பு குறையாமல் போனதையும் இதனுடன் சேர்க்கலாம். எல்.டி.எல்., இரத்த அழுத்தம், புகை ஆகியவை இதே கடுமையான சோதனைகளைத் தாண்டி நின்றவை என்பதால்தான் அவற்றை நம்பலாம் என்கிறேன்.

வெள்ளையர்களிடம் கண்ட முடிவுகள் நமக்குப் பொருந்துமா?

ஃபிராமிங்ஹாமின் முதல் தலைமுறையில் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர்களே; ஆகவே இது சரியான கேள்வி. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுஃபின் தலைமையில், 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்த ஏறத்தாழ 15,000 பேரையும், நோயில்லாத ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் விடை தந்தது. புகை, இரத்தக் கொழுப்பின் விகிதம், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொந்தி, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பு குறைவு, மதுப்பழக்கத்தின் தன்மை ஆகிய ஒன்பதுமே ஆண்களின் ஆபத்தில் 90 சதவீதத்தையும் பெண்களின் ஆபத்தில் 94 சதவீதத்தையும் விளக்கின. காரணிகள் எல்லா நாட்டிலும் அவைதான்.

வயதுதான் வேறு. முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசியர்களிடம் 53. மற்ற நாட்டவரிடம் 58.8. இதற்கு நம் இரத்தத்தில் ஏதோ மர்மம் இருப்பதாகச் சொல்வதைவிட, அதே காரணிகள் நம்மவர்களிடம் இளவயதிலேயே குடிபுகுந்துவிடுகின்றன என்பதே அந்த ஆய்வு தந்த விளக்கம். சென்னையில் திருமங்கலம், தியாகராய நகர் பகுதிகளில் வாழ்ந்த 1,262 பேரிடம் நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. 20 வயதைத் தாண்டிய அவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது.

நம் உடல்வாகும் கணக்கை மாற்றுகிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடல்வாகில், எடை இயல்பாக இருந்தாலும் சர்க்கரையும் கொழுப்பும் கெட்டிருக்கக்கூடும். ஆகவேதான் தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று குறைத்து வைக்கப்பட்டுள்ளது.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது, பல நாடுகளில் நடந்துவரும் ப்யூர் ஆய்வு 2014இல் வெளியிட்ட முடிவு. ஆபத்துக் காரணிகளின் சுமை பணக்கார நாடுகளில் அதிகம், இந்தியா போன்ற ஏழை நாடுகளில் குறைவு. மாரடைப்பு மரணமோ அதற்கு நேர் எதிராக, ஏழை நாடுகளில்தான் அதிகம். காரணியைக் கண்டறிவதும், மருந்து தவறாமல் கிடைப்பதும், மாரடைப்பு வந்தால் உரிய நேரத்தில் மருத்துவமனையைச் சேர்வதும் பணக்கார நாடுகளில் உயிரைக் காக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்வதை இந்த முடிவின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

பெண்களுக்குத் தனியான காரணிகள் உண்டா?

பொதுவான காரணிகளுடன் கர்ப்பகால வரலாறும் சேர்கிறது. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி முன்சூல்வலிப்பு நிலை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரையும் கவனத்துக்குரியது. பிரசவத்துக்குப் பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தக் கோப்பை மூடிவிடுகிறார்கள். இருபது ஆண்டு கழித்து எந்த மருத்துவரும் அதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பிறக்கும்போதே ஆபத்து தொடங்குகிறது என்பது உண்மையா?

பிறப்பு எடை குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் மரணம் அதிகம் என்று, இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷயர் பகுதிப் பேறுகால மருத்துவச்சிகளின் பழைய பதிவேடுகளைக் கொண்டு டேவிட் பார்க்கர் 1989இல் காட்டினார். மைசூரில் ஒரு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்த 517 பேரைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தபோது, 2.5 கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும், 3.1 கிலோவோ அதற்கு மேலோ பிறந்தவர்களில் 3 சதவீதத்தினருக்கும் இதயத் தமனி நோய் இருந்தது. கருவுற்ற பெண்ணின் சாப்பாடு பிள்ளையின் ஐம்பதாவது வயதுவரை தொடர்கிறது.

எங்கள் தாத்தா நாள்தோறும் ஒரு கட்டு பீடி பிடித்தும் 90 வயது வரை இருந்தார். எந்தப் பழக்கமும் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் 45இல் போய்விட்டார். பிறகு இந்த ஆய்வுகளுக்கு என்ன பொருள்?

இரண்டும் நடக்கும். ஆபத்துக் காரணி கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. தனி மனிதரின் நாளைக் குறித்துத் தருவதில்லை. தாத்தாவை நாம் பார்த்தோம், அவரோடு பீடி பிடித்துவிட்டு 50இல் இறந்துபோன அவருடைய நண்பர்களைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1980களில் சொன்னது உதவும். மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள் சிலரே. சிறிய ஆபத்தில் இருப்பவர்கள் மிகப் பலர். அதனால் மாரடைப்பு வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் பெரும் பகுதியினர் இரண்டாம் வகையில் இருப்பார்கள். மொத்த மக்களின் உணவில் உப்பு சிறிதளவு குறைவதே பல உயிர்களைக் காக்கும் என்பது இதிலிருந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்கு 5 கிராம் என்ற எல்லைக்குள், குழம்பில் போடுவது மட்டுமல்லாமல் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அடக்கம்.

"ஆபத்து பாதியாகக் குறையும்" என்று செய்தியில் வந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

எதில் பாதி என்று கேளுங்கள். பத்து ஆண்டில் 100 பேரில் 20 பேருக்கு வரவேண்டியது 10 ஆகக் குறைந்தாலும் பாதிதான். 2 பேருக்கு வரவேண்டியது 1 ஆகக் குறைந்தாலும் பாதிதான். முதல் நிலையில் உள்ளவருக்கு மருந்தின் பயன் பெரிது, இரண்டாமவருக்குச் சிறிது.

நான் எந்த அளவுகளைக் குறித்து வைத்திருக்க வேண்டும்?

இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகிய நான்கும் போதும். இவற்றுடன் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ மாரடைப்பு வந்திருந்தால், அப்போது அவர்களின் வயது என்ன என்பதையும் எழுதுங்கள்.

எண்ணைவிட அதை எடுக்கும் முறையில்தான் தவறு அதிகம் நடக்கிறது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அளந்தால் கிடைப்பது அவருடைய இரத்த அழுத்தம் ஆகாது. காபியும் புகையும் அதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்கு வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசைமேல் இதயத்தின் உயரத்துக்கு வைத்து, வெறுங்கையில் பட்டையைச் சுற்றி அளந்து, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் அளந்து, இரண்டையும் எழுதுங்கள். இடுப்பளவுக்கு நாடாவைக் கால்சட்டையின் பட்டியிலோ புடவைக் கொசுவத்திலோ வைக்கக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் தேதியையும் நேரத்தையும், அன்று மாத்திரை எடுத்தீர்களா என்பதையும் சேர்த்துக் குறித்து, அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள்.